ஒரே ஊசி ஏன் மூன்று முறை?

முதன்முறையாக ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர நிச்சயித்த குடும்பத்தார், தட்டும் விரிப்பும் கழுத்துப்பட்டையும் வாங்கிவைத்த கையோடு, ஒன்றுக்கொன்று நேர் விரோதமாகத் தோன்றும் இரண்டு யோசனைகளைக் கேட்க நேரிடுகிறது. கால்நடை வைத்தியரிடம் சென்றால், "ஊசிகளெல்லாம் முடியும்வரை குட்டியை வாசற்படி தாண்ட விடாதீர்கள்" என்கிறார். நாய் வளர்ப்பில் நெடுநாள் பழகிய நண்பரோ, "மூன்று மாதத்துக்குள் உலகத்தைக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் எதைக் கண்டாலும் மிரளும்" என்கிறார். போதாக்குறைக்கு, வைத்தியசாலையில் கொடுத்த தடுப்பூசி அட்டையைப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஊசியின் பெயர் மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று தடவை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு முறை போட்டால் பலிக்காத மருந்து மூன்று முறை போட்டால் மட்டும் எப்படிப் பலிக்கும் என்று வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. இவற்றுக்கெல்லாம் உரிய விடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை அறிந்துகொள்வதே, என் அபிப்பிராயத்தில், குட்டி வருவதற்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடுகளில் முதன்மையானது.

முதலில் ஊசியை எடுத்துக்கொள்வோம். மூன்று முறை போடுவதைக் காண்பவர்கள், முதல் ஊசி மூன்றில் ஒரு பங்கு பலம் தருகிறது, இரண்டாவது இன்னொரு பங்கு தருகிறது, மூன்றாவதில் அது பூரணமாகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்கான ஊசியைப் போல, செத்த கிருமிகளைக் கொண்டு செய்யும் சில ஊசிகளின் விஷயத்தில் முதலில் இரண்டு முறை போட்டால்தான் பலன் என்பது மெய்யே. ஆனால் குட்டிகளைக் கொள்ளைகொள்ளும் பெருநோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டுக்கும் வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். அது குட்டியின் உடம்பில் ஒரே ஒரு முறை சரியாகப் பற்றிக்கொண்டால் போதும். நெடுங்காலம் நிற்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். அப்படியானால் மூன்று ஊசிகளில் காரியத்தைச் சாதிப்பது பெரும்பாலும் ஒன்றுதான் என்றாகிறது. எந்த ஒன்று என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இதற்குக் காரணம் குட்டியின் தாய்.

மனிதக் குழந்தை, தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களை, அதாவது குறிப்பிட்ட ஒரு நோய்க்கிருமியை இனங்கண்டு பற்றிக்கொண்டு அதைச் செயலறச் செய்யும் புரதங்களை, நஞ்சுக்கொடியின் வழியே பெருமளவு பெற்றுக்கொண்டே பிறக்கிறது. நாயின் நஞ்சுக்கொடி அமைப்பில் வேறுபட்டது. தாயின் இரத்தத்துக்கும் குட்டியின் இரத்தத்துக்கும் நடுவே கூடுதலான திசு அடுக்குகள் இருப்பதால், மிகச் சொற்பமான பங்கே அதன் வழியாக உட்புகுகிறது. மிச்சமெல்லாம் சீம்பாலில் வருகிறது. சாதாரணமாகக் குடலுக்குள் செல்லும் எந்தப் புரதமும் செரித்துச் சிதைந்துபோக, புதிதாய்ப் பிறந்த குட்டியின் குடலோ அந்தப் பெரிய புரதங்களைச் சிதைக்காமல் முழுசாகவே இரத்தத்தில் சேர்க்கும் விசேஷ சக்தி உடையதாக இருக்கிறது. ஆனால் அந்தச் சக்தி மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் அற்றுப்போகிறது. முதல் நாள் சீம்பாலைத் தவறவிட்ட குட்டி, அப்புறம் ஒரு மாதம் தாயிடமே குடித்துக் கொழுத்து வளர்ந்தாலும், அந்த நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ள முடியாது.

இப்படிப் பெற்ற பாதுகாப்பு இரவல் பாதுகாப்பு. குட்டியின் உடம்பு அதைத் தானே உற்பத்தி செய்யாததால், செலவானதை மீண்டும் நிரப்ப வழியில்லை. பார்வோவுக்கு எதிரான தாய்வழி எதிர்ப்பொருளின் அளவு சுமார் பத்து நாட்களுக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே போகிறது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து காவற்காரர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்ட ஒரு கிராமத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காவலர்கள் நாளுக்கு நாள் சிலர் சிலராகத் தம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முற்றும் போய்விடுமுன் உள்ளூர் இளைஞர்களுக்குக் கள்ளரை இனங்கண்டு பிடிக்கும் பயிற்சி அளிக்க எண்ணி, ஆயுதமற்ற ஒருவனைக் கள்ளன் வேஷமிட்டு அனுப்புகிறார் நாட்டாண்மைக்காரர். காவலர் திரளாக இருக்கையில் அனுப்பினால், அவர்கள் அவனை ஊர் எல்லையிலேயே மடக்கி விரட்டிவிடுகிறார்கள், இளைஞர்கள் அவன் முகத்தைக்கூடக் காண்பதில்லை, பயிற்சி வீணாகிறது. காவலர் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாலோ, அதற்குள் மெய்யான கொள்ளைக்கூட்டமே வந்துவிடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே, காவலர் நாலைந்து பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் சில நாட்கள்தாம் யாவற்றிலும் கொடியவை. நிராயுதபாணியான வேஷக்காரனை விரட்ட அந்த நாலைந்து பேர் போதும், கொள்ளைக்கூட்டத்தைத் தடுத்து நிறுத்த அவர்கள் போதாது. வேஷக்காரனைத் தடுப்பூசி என்றும், கூலிக் காவலரைத் தாய் தந்த எதிர்ப்பொருள் என்றும் கொண்டால், குட்டியின் உடம்பில் நடப்பது இதுவே. ஊசி பலிக்காமலும் நோய் பலித்தும் போகக்கூடிய அந்த நாட்களைக் காப்பற்ற இடைவெளி என்று நாம் அழைக்கலாம்.

இது வெறும் ஊகத்தால் வந்த அறிவன்று. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் பேக்கரும் அவருடைய சகாக்களும், 1950களில், தாய் நாய்களின் இரத்தத்தில் டிஸ்டெம்பருக்கு எதிரான பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அவற்றின் குட்டிகளின் இரத்தத்தில் அது என்ன வேகத்தில் தேய்கிறது என்பதையும் கவனித்து, தாயின் அளவைக் கொண்டே குட்டிக்கு எந்த வயதில் ஊசி பலிக்கும் என்று முன்னறிவிக்கும் ஒரு கணக்கு வரைபடத்தை 1959இல் வெளியிட்டார்கள். பின்னர், 1978ஆம் ஆண்டில், அதுவரை நாய்களிடையே அறியப்படாதிருந்த பார்வோ நோய், பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவினதான வைரஸால் கிளம்பிக் கண்டம் விட்டுக் கண்டம் பரவிற்று. ஊசி போட்ட குட்டிகளிலும் சில ஏன் மாண்டுபோகின்றன என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே கார்னெலில் பொல்லாக், கார்மைக்கேல் என்னும் இருவர் குட்டிகளின் இரத்தத்தை மறுபடியும் அளந்தார்கள். நோயைத் தடுக்கப் போதாத அளவு குறைந்த எதிர்ப்பொருளும் ஊசியைக் கெடுக்கப் போதுமானதாயிருக்கிறது என்பதை 1982இல் அவர்கள் எடுத்துக்காட்டியபோது, காப்பற்ற இடைவெளி கண்ணெதிரே நிரூபணமாயிற்று.

இந்த இடைவெளி எல்லாக் குட்டிக்கும் ஒரே வயதில் வருவதில்லை. தாயிடம் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் தள்ளிப்போகும். குறைந்திருந்தால் சீக்கிரம் வரும். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும், முட்டிமோதி வயிறு நிறையச் சீம்பால் குடித்த பெரிய குட்டிக்கு ஒரு கணக்கும், ஒதுக்கப்பட்டுக் கடைசியில் குடித்த நோஞ்சான் குட்டிக்கு வேறொரு கணக்குமாக இருக்கும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை அதைத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பின்பே விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்களின் உலகச் சங்கங்கள் விதித்திருக்கின்றன. அட்டையில் உள்ள ஊசிகளில் மிக இன்றியமையாதது இந்தக் கடைசி ஊசிதான். தாய்வழிக் காவல் ஏறக்குறைய எல்லாக் குட்டிகளிலும் அற்றுப்போன பின்பு போடப்படுவது அது ஒன்றே. ஆனால் குட்டி அப்பொழுது வீடெல்லாம் துள்ளி ஓடிக்கொண்டிருப்பதால், நம் வீடுகளில் பெரும்பாலும் தவறவிடப்படுவதும் அந்த ஊசியே என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இனி நண்பரின் யோசனைக்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், பார் ஹார்பர் என்னும் கடற்கரையூரில் உள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலையில், ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் பிறப்பு முதல் கவனித்து, 1965இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். குட்டி பிறக்கையில் கண்ணும் காதும் மூடியிருக்கின்றன. இரண்டாவது வார வாக்கில் கண் திறக்கிறது. மூன்றாவது வார முடிவில் காது கேட்கத் தொடங்கி, திடீர்ச் சத்தத்துக்கு அது திடுக்கிடுகிறது. அந்த நாள் தொட்டு ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் வரையில், யாரைக் கண்டால் நெருங்கலாம், எதைக் கண்டால் விலகவேண்டும் என்ற தீர்மானம் அதன் மனத்தில் உருவாகிக்கொண்டேயிருக்கிறது. இந்தக் காலத்தை உறவுப் பருவம் எனலாம்.

அதே இடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் நடத்தி 1961இல் வெளியிட்ட பரிசோதனை இதைத் தெளிவாக்கிற்று. காக்கர் ஸ்பானியல், பீகிள் குட்டிகளை உயர்ந்த வேலி சூழ்ந்த ஓர் ஏக்கர் நிலத்தில் தாயுடன் விட்டு, மனித முகமே காணாதபடி உணவை மட்டும் உள்ளே செலுத்தி வளர்த்தார்கள். அவற்றில் சிலவற்றை இரண்டாவது வாரத்திலும், சிலவற்றை மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் நிலத்திலேயே விட்டார்கள். மூன்று வாரக் குட்டி எடுத்தவுடனே மனிதனிடம் ஒட்டிக்கொண்டது. ஐந்து வாரக் குட்டி சற்றுத் தயங்கிவிட்டு நெருங்கிற்று. ஏழு வாரக் குட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனை அண்டுவதற்கே நாட்கள் பிடித்தன. ஒன்பது வாரக் குட்டிக்கு அதைவிட அதிகமாகப் பிடித்தன. பதினான்கு வாரம் வரை மனிதரையே காணாமல் வளர்ந்தவை, காட்டு மிருகங்களின் சுபாவத்தோடு விலகி ஓடின. அப்புறம் எவ்வளவு பரிவு காட்டியும் அவற்றின் அச்சம் முற்றும் நீங்கவில்லை. பூட்டிவைத்ததால் ஏற்பட்ட கெடுதியோ என்று சந்தேகிக்க இடமில்லை. அவற்றுக்கு ஓட நிலமும் விளையாடத் துணையும் இருந்தன. இல்லாமற்போனது மனிதப் பழக்கம் ஒன்றே.

இப்பொழுது சங்கடம் விளங்குகிறது. உடம்பின் காப்பு உறுதிப்படுவது பதினாறாவது வாரத்தில்; உள்ளத்தின் கதவு சாத்திக்கொள்ளத் தொடங்குவது பன்னிரண்டாவது வாரத்தில். வைத்தியர் சொன்னதும் நண்பர் சொன்னதும் இரண்டுமே சத்தியம். ஒன்றைக் கேட்டு மற்றொன்றைத் தள்ளுகிறவர், குட்டியை நோய்க்கேனும் அச்சத்துக்கேனும் ஒப்புக்கொடுத்தவர் ஆகிறார். மிருகங்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை வைத்தியர் சங்கம் 2008இல் இதுபற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. முதல் ஊசி போட்டு ஏழு நாளேனும் கழிந்து, குடற்புழு மருந்தும் கொடுத்த குட்டியை, ஏழெட்டு வாரம் முதற்கொண்டே, தக்க எச்சரிக்கையுடன் பிறரோடு பழகவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆபத்து எவ்வளவு என்று பின்னர் அளந்தும் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு அமெரிக்க நகரங்களின் வைத்தியசாலைகளுக்கு வந்த 1,012 குட்டிகளில் 48 குட்டிகள் பழக்க வகுப்புகளுக்குச் சென்றிருந்தன. ஊசி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனவற்றில் ஒன்றுக்கும் பார்வோ வரவில்லை. 48 என்பது சிறு எண்ணிக்கையே. அன்றியும் அங்கே வகுப்புக்கு வரும் குட்டிகள் பெரும்பாலும் ஊசி போட்டவை. நம் தெருக்களின் நிலைமை வேறு. ஆகையால் அந்த முடிவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவராமல், நோய் எவ்வழியில் தொற்றுகிறது என்பதைப் பார்த்து நமக்கேற்ற வழியை வகுத்துக்கொள்வதே உத்தமம்.

பார்வோ வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தில் வெளிவந்து, மண்ணிலும் தரையிலும் செருப்பின் அடியிலும் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது. தரை துடைக்கும் திரவங்களில் பலவற்றுக்கு அது மசிவதில்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைசலுக்கு மசியும். டிஸ்டெம்பரோ நோயுற்ற நாய் தும்மும் காற்றிலும் பரவும். ஆகவே விலக்கவேண்டியவை இரண்டே: தெரு நாய்கள் நடமாடும் தரை, முன்பின் அறியாத நாய்கள். பார்வைக்கும் ஓசைக்கும் மனித வாசனைக்கும் தடையேதுமில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். தலைக்கவசத்தோடு வருகிறவர், குடை பிடித்தவர், கோலூன்றிய முதியவர், காக்கிச் சட்டைக்காரர், கூச்சலிடும் சிறுவர் எல்லாரையும் அது பார்க்கட்டும். கையில் ஏந்திக்கொண்டு கடைத்தெரு ஓரத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். உறவினர் வீட்டில் எல்லா ஊசியும் போட்ட, சாந்தமான நாய் இருந்தால் அங்கே கொண்டுபோய் விடுங்கள். வீட்டில் முன்பு பார்வோ கண்டு ஒரு குட்டி இறந்திருக்குமானால், புதியது வருமுன் தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் நன்றாகக் கழுவியாக வேண்டும். மண் தரையாயிருந்தால் அவ்விடத்தை ஓர் ஆண்டேனும் அதற்குக் காட்டாதிருப்பது நலம்.

பழக்குவது என்பது திணிப்பதாகிவிடக் கூடாது. ஒரு வீட்டில் எட்டு வாரக் குட்டி ஒன்று முதன்முதலில் குக்கர் விசிலைக் கேட்டதை நான் அருகிருந்து கவனித்திருக்கிறேன். காது இரண்டும் பின்னே படிந்தன. வால் வயிற்றுக்கடியில் போயிற்று. நான்கு காலும் வளைந்து உடம்பு தரையோடு தாழ்ந்தது. வீட்டு அம்மாள் ஓடிவந்து தூக்கவுமில்லை, அடுப்பங்கரைக்கு இழுத்துச் செல்லவுமில்லை. இருந்த இடத்திலிருந்தே வேகவைத்த கோழித்துணுக்கு ஒன்றைத் தரையில் போட்டார். சற்றைக்கெல்லாம் மூக்கு முதலில் அசைந்தது, பின்பு கழுத்து நீண்டது, பின்பு கால்கள் நிமிர்ந்தன. இரண்டாவது விசிலுக்குக் காது மட்டுமே படிந்தது. அஞ்சுவது குட்டியின் இயல்பு. அஞ்சியபின் எவ்வளவு விரைவில் அது தன்னிலைக்கு மீள்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டிய குறி. மீளாமல் நடுங்கிக்கொண்டேயிருந்தால் சத்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள்; அப்பொழுது தூரத்தை அதிகமாக்க வேண்டும். இந்தப் பருவத்தில் ஏற்படும் பேரச்சம் எளிதில் அழிவதில்லையாகையால், குட்டி வந்த சில வாரங்களில் தீபாவளி வருமானால், அன்று மாலை அதைக் கதவு சாத்திய உள்ளறையில், வீட்டார் ஒருவர் துணையோடு, பாட்டுச் சத்தத்தின் நடுவே வைத்திருப்பது அவசியம்.

எந்த வயதில் கொண்டுவருவது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம் பக்கத்தில் ஐந்தாறு வாரத்திலேயே குட்டியைக் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும் என்று குட்டி கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். அன்றியும் புது இடத்தில் தனியே விடப்பட்ட குட்டியின் ஓலம் ஆறேழு வார வயதில் உச்சத்தை அடைகிறது என்பதும் பார் ஹார்பரில் அளந்து கண்ட செய்தியே. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று இந்திய அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. ஆனால் எட்டு வாரத்தில் கொண்டுவருகிறோம் என்றால், உறவுப் பருவத்தின் முற்பாதி பிறர் வீட்டில் கழிந்துவிட்டது என்று அர்த்தம். ஆகையால் குட்டியின் நிறத்தையும் காதின் அழகையும் பார்ப்பதற்கு முன், அது வளர்ந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். கூடத்தில் மனிதர் நடமாட்டத்தினிடையே வளர்ந்ததா, தோட்டத்துக் கொட்டகையில் சோறு போடும் ஒருவர் முகத்தை மட்டும் கண்டு வளர்ந்ததா? தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா? குட்டிக்கு முதல் ஊசி எந்தத் தேதியில் விழுந்தது? ராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு நாய்கள் அந்நியரை ஏற்கமாட்டா என்று பொதுவாகச் சொல்லுவார்கள். இனத்தின் குணத்துக்கு அதில் பங்குண்டு. ஸ்காட்டும் ஃபுல்லரும் கவனித்த ஐந்து இனங்களில் பஸெஞ்சிக் குட்டிகள் மற்றவற்றைவிட மனிதரைக் கண்டு அஞ்சி ஓடின. ஆனால் கையாண்டு பழக்கியபோது அவையும் சீக்கிரத்தில் அடங்கிவந்தன என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகையால் கொட்டகை வளர்ப்பின் குறையை இனத்தின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதலிரவு குட்டியைக் கொல்லைப்புறத்திலோ மாடிப்படிக்கடியிலோ கட்டிப்போடாமல், தாயின் வாசனை ஏறிய ஒரு துணியோடு, உங்கள் படுக்கைக்கருகில் ஒரு பெட்டியில் படுக்கவையுங்கள். அது அழுவது பிடிவாதத்தால் அன்று. பசும்பாலை நம்பி வளர்க்கவேண்டாம். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரு மடங்குக்கும் குறையாமல் இருக்க, பால்சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகமாதலால், பல குட்டிகளுக்கு அது பேதியாகிறது. முன்பு கொடுத்துவந்த உணவையே சில நாள் தொடர்ந்து, மெல்ல மாற்றுங்கள். திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷமாகக்கூடியவை. பல் முளைக்கும் குட்டி எதையும் கடிக்குமாதலால் மின்சாரக் கம்பிகளை எட்டாத உயரத்தில் சுருட்டிவையுங்கள். தூங்கி எழுந்தவுடனும், தின்றவுடனும், விளையாடி முடித்தவுடனும் சிறுநீருக்காக வெளியே தூக்கிச் செல்லுங்கள். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. நம் நாட்டில் அதில் ஒரு நாள் தாமதமும் தகாது.

நாலைந்து மாதம் கடந்த குட்டியை, ஒருவேளை தெருவிலிருந்தே, எடுத்து வளர்க்க நேர்ந்தவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. வேலிக்குள் வளர்ந்த அந்தக் குட்டிகள் மனிதரை அறவே கண்டறியாதவை. நம் தெருக்குட்டியோ டீக்கடை பெஞ்சியடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆயிரம் மனிதரைப் பார்த்தே வளர்ந்தது. அதற்கு மனிதரைப் பழக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இராது; கதவு, மாடிப்படி, மின்விசிறி, தொலைக்காட்சி இவற்றைத்தான் பழக்கவேண்டியிருக்கும். அறையின் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, எதிரே நின்று குனியாமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அதுவாக அருகில் வரும்வரை காத்திருந்து, கையாலேயே உணவூட்டி வாருங்கள். வயது பதினாறு வாரம் தாண்டியிருந்தால், தாய்வழி எதிர்ப்பொருள் தேய்ந்திருக்குமாதலால், பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் முதலில் போடும் ஊசியே பலித்துவிட இடமுண்டு. ஆயினும் சில நிறுவனங்களின் ஊசிகளுக்கு இரண்டாவதும் வேண்டுமாதலால், புட்டியின் மீது ஒட்டியிருக்கும் சீட்டை அட்டையில் ஒட்டச்சொல்லி, அடுத்த தேதியை வைத்தியரிடமே கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள்.